மிளகுக் கறிக்கு நுரை ஒயின்

உணவகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். "உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்கக்கா. ரெண்டு பக்கம் போதும்" என்றார். எந்தக் கோப்பையை எந்தப் பக்கம் வைப்பது, பாட்டிலைச் சொட்டுச் சிந்தாமல் எப்படித் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதவர்களை ரிசப்ஷனுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் ஒரு பொய் சொன்னேன். விதிக்கு மாறாக ஒரு காரியமும் செய்தேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெமோவாக வந்தது. மெமோ கொடுத்த மேனேஜரும் இதை எழுதச் சொன்ன மேனேஜரும் ஒருவரேதான்.

என் பெயர் ஜெசிந்தா. செண்பகனூர்க்காரி. இந்த ஓட்டலில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் துணி துவைக்கும் பகுதியில். பிறகு உணவகத்தில் ஒயின் பட்டியல் தொடங்கினார்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பெங்களூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நான்கு ஆண்கள் கைதூக்கினார்கள். எதற்காகத் தூக்கினார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. என்னை அனுப்பினார்கள்.

பயிற்சி கொடுத்த அம்மையார் மூன்று நாளும் எங்களைத் துப்ப வைத்தார். ஒயினை முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும், பிறகு வாளியில் துப்ப வேண்டும். இன்று வரை நான் ஒரு மிடறு விழுங்கியதில்லை. கடைசி நாள் அவர் சொன்ன ஒன்றைத்தான் குறித்துக்கொண்டேன்: "மேசையிலிருந்து யாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போகக் கூடாது. மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது." ஊருக்கு வந்ததும் என் கணவர், "என்ன படிச்ச?" என்று கேட்டார். "துப்பப் படிச்சேன்" என்றேன். பங்குச் சாமியார் பூசைக்கு வைத்திருக்கும் ஒயினைப் பற்றி என் கருத்தைக் கேட்டார். அதை நான் சொல்லவில்லை.

விருந்துக்கு வருவதற்கு முன் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். கொரோனா வந்து போன பிறகு ஏழு வாரம் எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. வீட்டில் பால் பொங்கிக் கருகுவதை என் கணவர் வாசலிலிருந்து வந்து சொல்லுவார். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பேன். ஓட்டலை அப்போதுதான் மறுபடி திறந்திருந்தார்கள். வேலை போய்விடும் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எந்த ஒயினில் என்ன வாசனை வரும் என்பது மனப்பாடம். அதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மதுரையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். வெள்ளை ஒயினை ஊற்றி, "பச்சை ஆப்பிள் வாசம் தெரியும் பாருங்க" என்றேன். ஓர் அம்மாள், "ஆமா, தெரியுது" என்றார். பாட்டில் முழுவதையும் குடித்தார்கள். பாராட்டிவிட்டுப் போனார்கள். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது சமையல்காரர் பாண்டி மூக்கைப் பொத்தினார். "என்னக்கா, அழுகின முட்டையா கொண்டாறீங்க?"

கெட்ட ஒயின் எந்த ஓட்டலிலும் எப்போதாவது மேசைக்குப் போய்விடும். ஆறு பேர் தங்கள் மூக்கை ஒதுக்கிவிட்டு என் பேச்சை நம்பிய விஷயம்தான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் பாண்டியிடம் உண்மையைச் சொன்னேன். மூக்கு திரும்பும் வரை ஒவ்வொரு பாட்டிலையும் அவர்தான் மோந்து கொடுத்தார். வெங்காயம் நறுக்கிய கையோடு மோந்து பார்ப்பார். ஆனாலும் என்னைவிட மேல்.

இனி விருந்து.

தாண்டிக்குடிப் பக்கம் சின்னச் சின்னக் காப்பித் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் ராஜாமணி. அறுபத்தைந்து வயது இருக்கும். காப்பியை மோந்து, ருசித்து, மார்க்குப் போடுகிறவர். அதற்கென்று பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். அவர் மார்க்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வாங்குகிறவர்கள் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பார்கள். சில வருடம் முன்பு நம் உணவகத்துக்கு வந்தவர், கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "இது தொறந்து ரெண்டு நாளாச்சுங்களே" என்றார். திறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் பெயரைப் புக்கிங்கில் பார்த்தாலே நான் கோப்பைகளை இரண்டு முறை கழுவச் சொல்லுவேன்.

விருந்து நடந்த ஜனவரியில் புதுக் காப்பியைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பெங்களூர் கம்பெனியின் நந்திதா. அம்மா வழியில் கோயம்புத்தூர், அதனால் நல்ல தமிழ். இன்னொருவர் அவர் மூலமாகக் காப்பி வாங்கும் வெளிநாட்டு வியாபாரி. அதிகம் பேசாதவர். மறுநாள் காலை தோட்டத்தில், இவர்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து பார்க்க, ராஜாமணி புதுக் காப்பிகளுக்கு மார்க்குப் போட வேண்டும். அதற்கு முந்தைய நாள் இரவு ஏழு மணிக்கு அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் நம் உணவகத்தில் விருந்து. நான்கு வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒயின். நான்காவது ஆள் ராஜாமணியின் மனைவி காந்திமதி. பட்டுச் சேலைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார். தனக்கு ஒயின் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவர் முன்னால் இருந்த கோப்பைகளை எடுத்துவிட்டு பேஷன் ஃப்ரூட் ஜூஸ் வைத்தேன்.

மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டதால் அன்று வர வேண்டிய ஒயின் சரக்கு வரவில்லை. விருந்துக்கு வேண்டிய ஒயின்கள் வகைக்கு ஒரு பாட்டில் இருந்தன. நான்கு பேருக்கு அது போதும் என்று நினைத்தேன்.

முதலில் மலைப்பூண்டு சூப். காந்திமதி ஒரு கரண்டி எடுத்தவுடனே, "பூண்டை வறுத்துப் போட்டிருக்காங்க. பின்னாடி லேசா ஒரு கருகல் வாசம் வருதுல்ல?" என்றார். ராஜாமணி தலையாட்டிவிட்டு, அந்தக் கருகல் சூப்புக்கு எப்படி அழகு சேர்க்கிறது என்று வெளிநாட்டுக்காரருக்கு விளக்கினார். வெள்ளை ஒயினை ஊற்றினேன். ராஜாமணி வாயைத் திறப்பதற்குள் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து காந்திமதி, "எலுமிச்ச எலையக் கசக்குனாப்புல இங்கன வரைக்கும் அடிக்குதே" என்றார். அதன் பிறகு ராஜாமணி எலுமிச்சை இலையைப் பற்றிப் பேசினார். பட்டர் ஃப்ரூட் சாலட்டுக்கும் இளஞ்சிவப்பு ஒயினுக்கும் இதே கதைதான். முதலில் மனைவி ஒரு வரி, பிறகு கணவர் பத்து வரி.

இந்த அம்மாள் அந்த மனிதரைப் பேச விட மாட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல் சமையலறைக்குள் போய்ப் பாண்டியிடம் சொல்லவும் செய்தேன்.

மூன்றாவது மிளகுக் கறி. அதற்குச் சிவப்பு ஒயின். பாட்டிலைப் பக்கத்து மேசையில் வைத்துத் திறந்தேன். அதே நேரம் சமையலறைக் கதவும் திறந்து, கறி வாசம் கூடத்தையே நிறைத்துவிட்டது. வேறு எதுவும் மூக்குக்கு வரவில்லை. காந்திமதி மேசையில் இல்லை. மகள் போனில் கூப்பிட்டதால் சிக்னலுக்காக ஜன்னலோரம் போயிருந்தார்.

விதி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விருந்து கொடுப்பவரின் கோப்பையில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அவர் மோந்து பார்த்து, சரி என்ற பிறகே மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். ராஜாமணியின் கோப்பையில் ஊற்றக் குனிந்தபோதுதான் எனக்கு வாசம் வந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. கார்க்கில் கோளாறு இருந்தால் அப்படித்தான் வரும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒயின் செத்துப் போயிருக்கும்.

எனக்குக் கொஞ்சமும் கவலை வரவில்லை. திறந்து இரண்டு நாள் ஆனதையே கண்டுபிடித்தவர். கோப்பையைத் தள்ளிவிடுவார், மன்னிப்புக் கேட்கலாம் என்று நின்றேன்.

அவர் கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்தார். "பிரமாதம்" என்றார். "கருப்புத் திராட்சை. ஓரத்துல மிளகு. நல்ல கனமான வாசம். ஊத்துங்க."

என்னைச் சோதிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி காந்திமதி திரும்பி வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த வாசம் அவருக்கு அங்கேயே எட்டிவிட்டது. கோப்பையைப் பார்த்தார், கணவரின் பின்தலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். முந்திக்கொண்டு சொல்ல வேண்டியதை இந்த ஒரு தடவை அவரால் சொல்ல முடியாமல் போயிருந்தது. அந்தப் பெண் ஏன் முதலில் பேசுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்து ஊற்ற வேண்டியது நந்திதாவுக்கு. பாட்டில் என் கையில், கோப்பை அவர் முன்னால். ஊற்றினால் அவர் உடனே கண்டுபிடிப்பார். அட்டைப்பெட்டி வாசம் தெரியாதவர் நாளைக் காலை காப்பிக்கு எப்படி மார்க்குப் போடுவார் என்று கேட்பார். "ஐயா, இது கெட்டுப்போயிருக்கு" என்று நானே சொன்னாலும் அதே கேள்விதான் வரும்.

"மன்னிக்கணும்ங்க" என்றேன். "இது இந்த மேசைக்கு உள்ள பாட்டில் இல்ல. வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சது. நான் மாத்திக் கொண்டாந்துட்டேன்." சொல்லிக்கொண்டே ராஜாமணி முன்னால் இருந்த கோப்பையையும் எடுத்தேன்.

நந்திதா விடவில்லை. "அவரே பிரமாதம்ங்கிறார். இதையே குடுங்க. அவங்களுக்கு வேற குடுத்துக்கலாமே?"

"பேரு எழுதி வச்சிருக்குங்க மேடம்."

பாட்டிலில் எந்தப் பெயரும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "யாருக்குக்கா எடுத்து வச்சது? அப்படி யாரும் புக் பண்ணலையே?"

"யாருக்கும் இல்ல. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "நல்லாத்தான இருக்கு?"

நம் மேனேஜருக்கு எல்லா ஒயினும் நன்றாகத்தான் இருக்கும். பாண்டி ஒரு முறை மோந்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெரசா ஒண்ணு சொல்லுங்கக்கா. கறி ஆறிக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

வேறு சிவப்பு ஒயின் இல்லை. குழம்புக்கு ஊற்றுகிற பாட்டிலில் நான்கு விரல் அளவு மிச்சம் இருந்தது. அதை மேசைக்குக் கொண்டுபோக முடியாது. ஜன்னல் விளிம்பில், சோடா போலக் குமிழி விடும் நுரை ஒயின் இரண்டு பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது. மலைக்குத் தேனிலவுக்கு வந்திருந்த ஒரு தம்பதிக்காக வைத்தது. ஆட்டுக்கறியோடு நுரை ஒயின் கொடு என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் மூக்கில்லாமல் இருந்த ஏழு வாரத்தில் எனக்கு எது ருசித்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஊறுகாய் ருசித்தது. சோடா ருசித்தது. மூக்கு போனாலும் புளிப்பும் உப்பும் நாக்குக்குத் தெரியும். மிளகு எரிவது தெரியும், குளிர்ச்சி தெரியும், சோடா குத்துவதும் தெரியும். அந்த மனிதர் இரண்டு வகை உணவை மனைவியின் வாயால் சாப்பிட்டுவிட்டார். மூன்றாவதையாவது அவரே சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

"கறியில இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போடு. எலுமிச்சம்பழம் புழி. கறிவேப்பிலையை மொறுமொறுன்னு பொரிச்சு மேல தூவு" என்றேன்.

"எனக்குச் சொல்லித் தாறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாண்டி மிளகைத் தட்டினார்.

மேசைக்குப் போய், "மிளகுக் கறிக்கு நுரை ஒயின். இது எங்க வழக்கம்ங்க" என்றேன். முன்பு ஒரு பொய் என்று எழுதினேன். இதோடு இரண்டு.

நந்திதாவின் புருவம் ஏறியது. ராஜாமணி ஒரு துண்டு கறியை மென்றார். ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தார். மனைவி பேசட்டும் என்று காத்திருக்காமல், "அடடா!" என்றார். "ஊசி ஊசியாக் குத்துது பாருங்க. மிளகு ஒரு பக்கம் எரியுது, இது ஒரு பக்கம் அணைக்குது. புளிப்பு எங்க நிக்குதுன்னு கவனிங்க. நாக்கோட ரெண்டு ஓரத்துல. நடுவுல வரவே இல்ல. நல்ல காப்பியிலயும் புளிப்பு அங்கதான் நிக்கணும்."

நந்திதா நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் இரண்டாம் முறை கறி கேட்டார். காந்திமதி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த ஒரு கறியைத்தான் என்று நினைக்கிறேன்.

கறியை முடித்ததும் கைகழுவும் இடத்தைக் கேட்டார். கூட்டிப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமலே கேட்டார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க நின்ன நெலையப் பாத்துத்தாம்மா."

"ஒரு வருசமாச்சுங்க. காய்ச்ச வந்துச்சு. காய்ச்ச போச்சு, கூடவே மூக்கும் போச்சு. வந்துரும் வந்துரும்ங்கிறாரு டாக்டரு. போன சீசன் காப்பிக்கெல்லாம் மார்க்குப் போட்டது நாந்தேன். அவரு கையெழுத்துப் போடுவாரு."

"ஏதும் தப்பாச்சா?"

"ஒரு மூட்டைகூடத் திரும்பி வரல."

"நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவருக்குக் காப்பி ருசி பாக்குற கிண்ணம் கழுவுற சோலி என்னோடது. கழுவுறதுக்கு முந்தி மோந்து பாப்பேன். அவரு என்ன எழுதியிருக்காருன்னும் பாப்பேன். அம்புட்டுத்தேன்." கையைக் கழுவத் தொடங்கினார். "நாளைக்கு அவுக எதுக்க ஒக்காந்து பாக்குறாக. நான் கிண்ணம் எடுத்துக் குடுக்குற மாதிரி பக்கத்துல நிக்கலாம்னு இருக்கேன். எப்பிடி ஆகுமோ தெரியல."

"அவங்ககிட்டச் சொல்லிட்டா என்னம்மா?"

"சொன்னா அவரு யாரு? சரி, நாந்தேன்னு சொல்றேன்னு வைங்க. எட்டாங் கிளாஸு படிச்சவள எவுக கேக்கப் போறாக?" சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாக மலைவாழைப்பழத்தை வெண்ணெயிலும் நாட்டுச் சர்க்கரையிலும் வதக்கிய இனிப்பு. அதற்கு ஓர் இனிப்பு ஒயின், சின்ன பாட்டில். நான் எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்ததாக மேனேஜர் மெமோவில் எழுதியிருந்தார். அது உண்மையில்லை. பாட்டிலோடு மேசைக்குப் போகும்வரை ராஜாமணிக்கு ஊற்றுவதாகத்தான் இருந்தேன். அவர் கோப்பையை நேராக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடியும் அவரை மூக்கை விட்டு நடிக்க வைக்க என்னால் முடியவில்லை. புதுக் கோப்பை ஒன்றை எடுத்து, கொஞ்சமாக ஊற்றி, காந்திமதியின் முன்னால் வைத்தேன்.

"நீங்க பாருங்கம்மா. குடிக்க வேணாம். கெட்டுப் போகாம இருக்கான்னு மோந்து மட்டும் சொல்லுங்க."

வாசலில் நின்ற மேனேஜர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன்.

காந்திமதி கணவரைப் பார்த்தார். அவர் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "பாரு" என்றார்.

அந்த அம்மாள் கோப்பையை ஒரு கிண்ணத்தைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார். ஒரே ஒரு மூச்சு. "காஞ்ச ஆரஞ்சுத் தோலு" என்றார். "தேனு. அடியில காயவச்ச இஞ்சி. கெட்டுப் போகல. நல்லாருக்கு."

நந்திதா அந்தக் கோப்பையை வாங்கி மோந்தார். "இஞ்சி..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் வெளிநாட்டுக்காரருக்கு மொழிபெயர்த்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதன்முறையாக நீளமாக ஏதோ சொன்னார். நந்திதா மெதுவாகத் தமிழில் சொன்னார்:

"போன வருசம் வந்த குறிப்புல ஒரு காப்பிக்குக் காயவச்ச இஞ்சின்னு எழுதியிருந்துதாம். அதுக்கு முன்னாடி எந்த வருசமும் ராஜாமணி சார் அப்படி எழுதினதில்லையாம். குறிப்பெல்லாம் திடீர்னு மாறிப்போச்சேன்னு அப்பவே நினைச்சாராம். எப்படி மாறிச்சுன்னு கேக்கிறார்."

கோப்பையை எடுக்கிற சாக்கில் நான் அங்கேயே நின்றேன். எடுக்க ஒரு கோப்பையும் இல்லை.

"எழுதினது இவ" என்றார் ராஜாமணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்கு ஒரு வருசமா மூக்கு இல்லைங்க. இப்ப இந்த மேசையில என்ன வாசம் அடிக்குதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

நந்திதாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒரு வருசமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாங்க" என்றார் அவர்.

"காப்பி ஏமாத்தலையே மேடம்" என்றார் காந்திமதி.

நந்திதா அதையும் மொழிபெயர்த்தார். வெளிநாட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். மறுபடி கரண்டியை எடுத்து வாழைப்பழத்தைச் சாப்பிடத் தொடங்கினார். முழுவதையும் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை மூன்று பேரும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கால் வலித்தது. வெளிநாட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அந்தக் கேள்வி. அதைக் காந்திமதியைப் பார்த்துக் கேட்டார்.

"வெள்ளனே வாங்க" என்றார் காந்திமதி. "வெறும் வயித்துல மூக்கு நல்லா வேல செய்யும்."

மறுநாள் நடந்ததை, அறையைக் காலி செய்ய வந்தபோது நந்திதா என்னிடம் சொன்னார். மூன்று மூன்று கிண்ணமாக வைத்தார்களாம். மூன்றில் இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. வேறாக இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும். காந்திமதி ஒரே ஒரு வரிசையில்தான் தவறினார். அந்த வரிசையில் தானும் தவறியதாக நந்திதா சொன்னார். சொல்லும்போது கோபம் முழுவதும் போயிருக்கவில்லை. "நேத்து எனக்கு அந்தச் சிவப்பு ஒயினை ஏன் ஊத்தலை?" என்று கேட்டார். "பேரு எழுதி வச்சிருந்துச்சுங்க மேடம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காப்பியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சங்கத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். தோட்டக்காரர்களில் சிலர் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டார்களாம். ராஜாமணி தலைவர் பதவியை விட்டு விலகினார். இப்போது மார்க்குத் தாளில் காந்திமதியின் கையெழுத்து இருக்கிறது. ராஜாமணி காப்பிக்கொட்டை வறுக்கிறார். கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டு, எப்போது இறக்குவது என்று முடிவு செய்கிறாராம். நன்றாக வறுக்கிறார் என்றுதான் சொல்கிறார்கள்.

என்னோடு அவர் இரண்டு வருடம் பேசவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு தடவை வளையல் கடைக்குள் நுழைந்தார்.

எனக்கு வந்த மெமோவில் மூன்று குற்றங்கள் இருந்தன. இல்லாத விருந்தாளியின் பெயரால் பாட்டிலைத் திருப்பி எடுத்தது, தேனிலவுத் தம்பதியின் ஒயினை ஆட்டுக்கறிக்குக் கொடுத்தது, விருந்து கொடுப்பவரை விட்டுவிட்டு வேறு ஒருவருக்கு முதல் கோப்பையைக் கொடுத்தது. மூன்றும் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேனிலவுத் தம்பதி மிச்சமிருந்த ஒரு பாட்டிலையே முடிக்கவில்லை என்பதையும் கீழே சேர்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பாட்டிலைத் திருப்பி எடுத்ததை நாளைக்கே மறுபடி செய்வேன். பழியை நம் தலையில் போட்டுக்கொண்டால் மேசையில் ஒருவர் தப்பிப்பார் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். மெமோ என்பது ஒரு தாள்தான். ஆனால் கோப்பையைக் காந்திமதியிடம் கொடுத்தேனே, அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த மனிதர் தன் ரகசியத்தை எப்போது சொல்வது என்று தானே முடிவு செய்திருக்கலாம். அந்த முடிவை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். காந்திமதி பயந்து உளறியிருந்தால் ஒரு சங்கத்துச் சனமே என்னால் கெட்டிருக்கும். நன்றாக முடிந்துவிட்டது என்பதற்காக இதை உங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தர மாட்டேன். முந்திக்கொண்டு பேசுகிற ஒருவரைப் பார்த்தால், சமையலறையில் போய்ச் சொல்வதற்கு முன் இன்னொரு வகை உணவு வரும் வரை பொறுத்திருங்கள் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்லுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஒயின் வேண்டாம் என்றார்கள். சாப்பாடு போட்டேன். காந்திமதி குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் ராஜாமணி.

"கம்மிங்கிறேன்."

"வாசத்தப் பத்தி நீ சொல்லு, கேட்டுக்கிறேன். உப்பு என் சோலி. நாக்கு இன்னும் என்னுதுதான்."

காந்திமதி கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. கம்மியா, இல்லையா?"

ராஜாமணியும் திரும்பி, இரண்டு வருடம் கழித்து முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஆமா, சொல்லுங்க" என்றார்.

நான் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனேன்.